கண்டது கற்கலாம்... எங்கே காண்பது?

"கண்டது கற்கப் பண்டிதன் ஆவான்" என்று ஒரு பழமொழி உண்டு. கண்ணில் படுவதை எல்லாம் படி, ஒருநாள் அறிவாளி ஆகிவிடுவாய் என்று ஆசிரியர்கள் பொருள் சொல்வார்கள். எல்லோரும் 'கற்க' என்ற சொல்லைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். அதற்கு முன்னால் 'கண்டது' என்று ஒரு சொல் நிற்பதை யாரும் கவனிப்பதில்லை. முதலில் புத்தகம் கண்ணில் பட வேண்டும். பட்டால்தானே கற்க முடியும்?

சென்னைக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் படிப்பு விஷயத்தில் உள்ள வித்தியாசம் இந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது. சென்னைக்காரர்களுக்கு வாசிப்பில் ஆர்வம் அதிகம், சின்ன ஊர்க்காரர்களுக்கு டிவியும் செல்போனும் போதும் என்று பலர் பேசுகிறார்கள். இது தவறான பேச்சு. ஆர்வம் எல்லா ஊரிலும் ஒன்றுதான். புத்தகம் கண்ணில் படும் வாய்ப்புதான் ஊருக்கு ஊர் மாறுகிறது.

செங்கோட்டையில் மாலையில் கிளம்பும் பொதிகை எக்ஸ்பிரஸ் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், சிவகாசி வழியாகப் போய் மறுநாள் காலையில் எழும்பூரில் நிற்கிறது. அதில் இன்டர்வியூவுக்குப் போகும் ஒரு கல்லூரி மாணவனை எடுத்துக்கொள்வோம். ஸ்டேஷனில் இருந்து நடக்கும் தூரத்தில் கன்னிமாரா நூலகம். 1896ல் திறக்கப்பட்டது. இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு பிரதி சட்டப்படி வந்து சேர வேண்டிய நான்கு நூலகங்களில் அதுவும் ஒன்று. அண்ணா சாலைக்குப் போனால் 1844ல் தொடங்கிய ஹிக்கின்பாதம்ஸ். திருவல்லிக்கேணி பாரதி சாலையிலும் மயிலாப்பூர் லஸ் பக்கத்திலும் பழைய புத்தகக் கடைகள். கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம். பொங்கல் சமயமாக இருந்தால் புத்தகக் கண்காட்சி.

இதில் எதையும் அவன் தேடிப் போக வேண்டியதில்லை. பஸ்ஸுக்கு நிற்கும்போது நடைபாதையில் விரித்திருக்கும் புத்தகம் காலில் தட்டுகிறது. இன்ஜினியரிங் புத்தகம் வாங்கக் குனிந்தவன் பக்கத்தில் கிடக்கும் அசோகமித்திரனை எடுத்துப் புரட்டுகிறான். அந்தப் பெயரையே அன்றுதான் பார்க்கிறான். பத்து நிமிடம் நின்று படிக்கிறான். ஐம்பது ரூபாய் கொடுத்து வாங்கிக்கொண்டு போகிறான். ஒரு வாசகன் உருவாகிவிட்டான்! யாரும் அவனுக்குப் புத்திமதி சொல்லவில்லை, வாசிப்பின் அவசியம் பற்றிச் சொற்பொழிவு ஆற்றவில்லை.

பெருநகரத்தின் புத்தகக் கலாச்சாரம் என்பது இதுதான். இலக்கியக் கூட்டமும், பொன்னாடையும், விருதும் அப்புறம் வருபவை. எதையோ வாங்கப் போனவன் வேறு எதையோ வாங்கிக்கொண்டு திரும்புவதற்கு எத்தனை இடம் இருக்கிறது என்பதே கணக்கு.

சென்னையில் இதற்கு ஒரு பழைய பரம்பரையே உண்டு. சென்ட்ரல் ஸ்டேஷனை ஒட்டி 1900ல் கட்டி முடிக்கப்பட்ட மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகக் கடைகள் வரிசையாக இருந்தன. கிளிக்குஞ்சில் இருந்து கிராமபோன் தட்டு வரை விற்ற இடம் அது. அதற்கு நடுவில் மலிவு விலையில் உலக இலக்கியம் கிடைத்தது. பல எழுத்தாளர்கள் தங்கள் வாசிப்பு அங்கே தொடங்கியதாக எழுதி வைத்திருக்கிறார்கள். 1985 மே மாதம் அது எரிந்து போனது. கடைகள் பக்கத்தில் அல்லிக்குளம் வளாகத்துக்கு மாறின. பழைய கூட்டம் திரும்பவில்லை என்றாலும் அந்த வியாபாரம் சாகவில்லை, நகரம் முழுக்கச் சிதறிப் பிழைத்துக்கொண்டது.

அது எப்படிப் பிழைக்கிறது? ஒரு பேராசிரியர் இறந்து போகிறார். பிள்ளைகள் வெளிநாட்டில். வீட்டைக் காலி செய்ய வேண்டும். மூன்று அலமாரிப் புத்தகத்தைப் பழைய பேப்பர்காரர் எடுத்துப் போகிறார். சென்னையில் அந்தப் பேப்பர்காரருக்கு ஒரு விஷயம் தெரியும்: இதை எடைக்குப் போடுவதை விட நடைபாதைக் கடைக்காரரிடம் கொடுத்தால் கூடக் காசு. அந்தக் கடைக்காரருக்கு எந்தப் புத்தகத்துக்கு ஆள் வரும் என்பது தெரியும். இப்படி இரண்டு பேருக்கு லாபம் இருப்பதால் ஒருவர் சேர்த்த புத்தகம் இன்னொருவர் கைக்குப் போகிறது.

இதே சாவு ராஜபாளையத்தில் நடந்தால்? பேப்பர்காரர் வருவார். தராசில் வைப்பார். நாவலும் கைடும் செய்தித்தாளும் ஒரே விலை, கிலோ கணக்கில். நடுவில் இருக்க வேண்டிய அந்தப் பழைய புத்தகக் கடைக்காரர் இங்கே இல்லை. அதனால் ஒரு மனிதர் நாற்பது வருடம் சேர்த்தது நாற்பது நிமிடத்தில் காகிதக் கூழுக்குப் போகிறது, அல்லது கடலை மடிக்கும் பொட்டலம் ஆகிறது. குடும்பத்துக்குப் புத்தகத்தின் மேல் வெறுப்பு என்று சொல்ல முடியாது. வாங்கிக்கொள்ள ஆள் இல்லை, அவ்வளவுதான்.

இப்படிப் போகாமல் காப்பாற்றப்பட்டதும் உண்டு. காரைக்குடி பக்கத்தில் கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் என்பவர் தன் வீட்டில் நூல்களும் இதழ்களுமாகச் சுமார் 1,00,000 சேர்த்து வைத்திருந்தார். விளம்பரப் பலகை எழுதும் தொழில் செய்தவர். 1992ல் அவர் இறந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. 1994ல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. இன்று தமிழ் அச்சு வரலாற்றை ஆராய்பவர்கள் அதை விட்டால் வேறு வழியில்லை. ஆக, சென்னையின் பெருமைகளில் ஒன்று கோட்டையூரில் சேர்த்தது!

எழுத்தாளர்கள் விஷயமும் இப்படித்தான். இலக்கியத் தலைநகரம் என்று சென்னையைச் சொல்கிறார்கள். எழுதுபவர்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்று பார்த்தால் கதை வேறு. பழைய கணக்கைத் தொடங்கினால் ஆண்டாளும் பெரியாழ்வாரும் ஸ்ரீவில்லிபுத்தூர்தான். அது இருக்கட்டும். சாகித்ய அகாதமி விருதுப் பட்டியலை மட்டும் எடுத்துக்கொண்டால், கோவில்பட்டி பக்கம் இடைசெவல் என்ற ஒரே கிராமத்தில் இருந்து கு.அழகிரிசாமிக்கு 1970லும் கி.ராஜநாராயணனுக்கு 1991லும் கிடைத்தது. விருதுநகர் மாவட்டம் மேலாண்மறைநாட்டைச் சேர்ந்த மேலாண்மை பொன்னுச்சாமிக்கு 2008ல். கோவில்பட்டி வட்டாரத்துப் பூமணிக்கு 2014ல். மல்லாங்கிணறில் பிறந்த எஸ்.ராமகிருஷ்ணனுக்கு 2018ல். அடுத்த வருடமே சோ.தர்மனுக்கு. ஒரு சின்னக் கரிசல் பூமியில் இருந்து ஆறு பேர்.

இவர்களில் மேலாண்மை பொன்னுச்சாமி ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். ஊரில் சின்ன மளிகைக்கடை வைத்திருந்தார். கடையில் உட்கார்ந்துகொண்டே எழுதினார், 2017ல் இறக்கும் வரை எழுதினார். இந்த மண்ணில் வாசிக்கும் ஆர்வம் இல்லை என்று யாராவது சொன்னால் அவர் பெயரைச் சொன்னால் போதும்.

அச்சுத் தொழிலாவது தூரத்தில் இருக்கிறதா என்றால், அதுவும் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து சுமார் 20 கிலோமீட்டரில் சிவகாசி. காலண்டர், டைரி, நோட்டுப் புத்தகம், லேபிள், பாடநூல் என்று நாட்டுக்கே அச்சடித்துக் கொடுக்கும் ஊர். வடநாட்டு வீட்டுச் சுவரில் தொங்கும் சாமி படம் கூடச் சிவகாசியில் அச்சானதாக இருக்கும். எழுதுபவர்கள் இங்கே, அச்சடிக்கும் இயந்திரம் இங்கே. ஆனால் கரிசல் மண்ணைப் பற்றிய நாவல் வாங்க இங்கே உள்ளவர் சென்னைப் பதிப்பகத்துக்குப் பணம் அனுப்ப வேண்டும். பருத்தியைக் கொடுத்துவிட்டு வேட்டிக்குக் காத்திருக்கும் கதை!

மடவார் வளாகத்து வைத்தியநாத சுவாமி கோயிலில் இருந்து ஆண்டாள் கோயில் வரை நடந்து பார்த்தால் எத்தனை பால்கோவாக் கடை என்று எண்ணிக்கொண்டே போகலாம். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019ல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. பஸ் நின்றதும் கண்ணில் படுவது பால்கோவாப் பெட்டிதான். வாங்கும் எண்ணம் இல்லாதவரும் கால் கிலோ வாங்கிவிடுகிறார். கண்ணில் பட்டால் வாங்குவார்கள் என்பதற்கு இதை விடப் பெரிய நிரூபணம் வேண்டுமா?

புத்தகக் கடை என்று கேட்டால் இருக்கிறது. நோட்டு, பேனா, கைடு, கொஸ்டின் பேங்க், போட்டித் தேர்வுப் புத்தகம் எல்லாம் கிடைக்கும். பஸ் ஸ்டாண்டு கடையில் வார இதழ் தொங்கும். நாவல், சிறுகதை, கவிதைக்கு என்று ஒரு அலமாரி ஒதுக்கிய கடையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கடைக்காரரைக் குறை சொல்லி என்ன பயன்? அவருக்கு வாடகை இருக்கிறது. ஜூன் மாதம் விற்பதில்தான் அவர் வருடம் முழுக்க ஓட்ட வேண்டும்.

"இப்போதுதான் எல்லாம் ஆன்லைனில் கிடைக்கிறதே" என்று உடனே ஒரு பதில் வரும். உண்மை. எந்தக் கிராமத்துக்கும் பார்சல் வருகிறது. 1998ல் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை இலவசமாகவே இணையத்தில் ஏற்றி வைத்திருக்கிறது, அதற்கு உழைத்தவர்களுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். ஆனால் தேடும் பெட்டியில் ஒரு பெயரை டைப் செய்ய வேண்டும். பெயர் தெரியாதவன் என்ன டைப் செய்வான்? ஏற்கனவே தெரிந்ததைக் கொண்டுவந்து கொடுப்பதில் ஆன்லைன் கெட்டிக்காரத்தனம் உள்ளது. தெரியாததைக் காலில் தட்டிவிடும் வேலையை அது சரியாகச் செய்வதில்லை. "இதை வாங்கியவர்கள் இதையும் வாங்கினார்கள்" என்று அது காட்டுவதும் பத்துப் பேருக்குத் தெரிந்த புத்தகத்தைப் பதினோராவது ஆளுக்குக் காட்டுவதுதான்.

பல கல்லூரி நூலகங்களிலும் இதே சிக்கல்தான். மாணவன் கவுண்டரில் நின்று சீட்டில் புத்தகத்தின் பெயர் எழுதிக் கொடுக்க வேண்டும். உதவியாளர் உள்ளே போய் எடுத்து வருவார். அலமாரிப் பக்கம் போக அனுமதி கிடையாது, தொலைந்துவிடும் என்று பயம். பெயர் தெரிந்தவனுக்கு மட்டும் புத்தகம் என்றால், கைடு வாங்கும் மாணவன் கடைசி வரை கைடுதான் வாங்குவான்.

அடுத்த பதில் புத்தகக் கண்காட்சி. சென்னையில் 1977ல் முதல் கண்காட்சி நடந்தது. இன்று நந்தனம் மைதானத்தில் நடப்பது ஒரு திருவிழா. 2023 முதல் சர்வதேசப் புத்தகக் கண்காட்சியும் நடத்தி மொழிபெயர்ப்பு உரிமை வரை பேசுகிறார்கள். ஈரோட்டில் மக்கள் சிந்தனைப் பேரவை 2005ல் தொடங்கிய புத்தகத் திருவிழா, சென்னை இல்லாமலும் இதைப் பெரிதாகச் செய்யலாம் என்று காட்டியது. 2022-23க்குப் பிறகு அரசே மாவட்டந்தோறும் கண்காட்சி நடத்தத் தொடங்கியது. விருதுநகரிலும் நடந்தது. பாராட்ட வேண்டிய விஷயம், சந்தேகமே இல்லை.

ஆனால் அது வருடத்தில் பத்துப் பதினோரு நாள். பள்ளிப் பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றி வருவார்கள். கையில் இருபது ரூபாய் இருக்கும். ஸ்டால் ஸ்டாலாகப் போய் விலைப்பட்டியல் தாளைச் சேகரித்துக்கொண்டு, அப்பளம் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறுவார்கள். பதிப்பாளர் ஸ்டாலுக்கு வாடகை கொடுத்திருக்கிறார், அதனால் நிச்சயம் விற்பதைத்தான் முன்னால் அடுக்குவார்: பொன்னியின் செல்வன், தன்னம்பிக்கை நூல், சமையல் குறிப்பு. அதிலும் தப்பில்லை. திருவிழாவுக்குத் தேர் வருவது நல்லதுதான், ஆனால் மீதி 350 நாளும் கோயில் திறந்திருக்க வேண்டாமா?

அந்த மீதி நாட்களுக்கு என்று சட்டம் போட்டே ஒரு ஏற்பாடு செய்யப்பட்டது. பலருக்கு அது மறந்துவிட்டது. 1948ல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்தது. சுதந்திர இந்தியாவில் இப்படி ஒரு சட்டம் வந்தது இங்கேதான் முதலில். அதன்படி சொத்து வரியோடு நூலக வரியும் வசூல் ஆகிறது, இன்றைக்கு ரூபாய்க்குப் பத்து பைசா. கோட்டூர்புரத்தில் வீடு வைத்திருப்பவரும் கட்டுகிறார், ராஜபாளையத்தில் வீடு வைத்திருப்பவரும் கட்டுகிறார். வசூலித்த வரியை உள்ளாட்சிகள் நூலக ஆணைக்குழுவுக்குச் செலுத்தாமல் பாக்கி வைத்திருப்பதாக அவ்வப்போது செய்தி வருகிறது. அதைப் படித்து யாரும் கோபப்படுவதில்லை. ரோட்டில் குழி இருந்தால் கேட்கிறார்கள், தண்ணீர் வராவிட்டால் குடத்தோடு உட்காருகிறார்கள். நூலகத்துக்குப் புதுப் புத்தகம் வராவிட்டால்?

சென்னையில் ஒரு முறை கேட்டார்கள். 2010 செப்டம்பரில் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தைக் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றப் போவதாக 2011 நவம்பரில் அரசு அறிவித்தது. எழுத்தாளர்களும் மாணவர்களும் எதிர்த்தார்கள், வழக்குப் போட்டார்கள், உயர் நீதிமன்றம் தடை விதித்தது. நூலகம் நூலகமாகவே நின்றது. தினமும் பார்த்துப் பழகிய இடம் என்பதால் அதற்காகக் குரல் கொடுக்க ஆள் இருந்தது. சின்ன ஊரில் பகுதி நேரக் கிளை நூலகம் ஒன்று கூரை ஒழுகி ஒரு மாதம் பூட்டிக் கிடந்தால், பூட்டியிருப்பதே பலருக்குத் தெரியாது. பள்ளியும் கல்லூரியும் விட்டு மாணவன் வருவதற்குள் அது மூடும் நேரம் வந்துவிடுகிறது.

2023 ஜூலையில் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்தார்கள். பிரம்மாண்டமான கட்டிடம், தென் மாவட்டத்துக்கு இது பெரிய வரவு. ஆனாலும் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து சுமார் 75 கிலோமீட்டர். பள்ளி மாணவி ஒருத்தி சனிக்கிழமை சாயங்காலம் சும்மா எட்டிப் பார்த்துவிட்டு வரும் தூரம் இல்லை அது. அவளுக்கு வேண்டியது நடந்து போகிற தூரத்தில் ஒரு அலமாரி.

இந்தத் தூரப் பிரச்சினையைத் தீர்க்க வழி சொன்னவரும் தமிழர்தான். சீர்காழியில் பிறந்து 1924ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆன எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931ல் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தை உலகம் முழுக்க நூலகத் துறையில் சொல்லிக்கொடுக்கிறார்கள். வாசகருக்குத் தேவையான நூல் கிடைக்க வேண்டும் என்பதோடு அவர் நிற்கவில்லை. ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் கிடைக்க வேண்டும் என்பதையும் தனி விதியாக வைத்தார். அதாவது, கேட்காத புத்தகமும் கண்ணில் பட வேண்டும். அதனால்தான் அலமாரியைத் திறந்து வையுங்கள் என்று வற்புறுத்தினார். அதே 1931ல் மன்னார்குடி பக்கம் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோகும் நடமாடும் நூலகத்தை அவர் தொடங்கி வைத்தார். மாட்டு வண்டி காலத்தில் முடிந்தது மினி பஸ் காலத்தில் முடியாதா?

தலைநகரமாக இருந்தால்தான் இலக்கிய நகரம் ஆகலாம் என்பதும் இல்லை. 2023ல் யுனெஸ்கோ 'இலக்கிய நகரம்' என்று இந்தியாவில் முதன்முதலாக அறிவித்தது கோழிக்கோட்டை. டெல்லி, கொல்கத்தா, சென்னை எல்லாம் இருக்க, கோழிக்கோடு! அங்கே ஊர்க்காரர்களே நடத்தும் நூலகங்கள் தெருவுக்குத் தெரு இருப்பது ஒரு முக்கியக் காரணம். தமிழ்நாட்டிலும் உதாரணம் இல்லாமல் இல்லை. கவிஞர் மீரா சிவகங்கையில் இருந்தே அன்னம் பதிப்பகத்தை நடத்தித் தரமான நூல்கள் கொண்டுவந்தார். காலச்சுவடு நாகர்கோவிலில் இருந்து வருகிறது. புதுக்கோட்டையில் ஒரு தம்பதியர் சேர்த்த ஞானாலயா நூலகத்துக்கு ஆராய்ச்சியாளர்கள் வெளிநாட்டில் இருந்தும் வருகிறார்கள்.

முன்பு ஒரு தமிழ் நாவல் 1,000 அல்லது 1,200 பிரதி அச்சாகும். இப்போது தேவைக்கேற்ப அச்சிடுவது என்ற முறை வந்து 100, 200 என்று குறைந்துவிட்டது. 2011 கணக்கெடுப்புப்படி 7 கோடிப் பேருக்கு மேல் உள்ள மாநிலத்தில் இருநூறு பிரதி! அதிலும் பெரும்பகுதி சென்னையைத் தாண்டுவதில்லை. மேலாண்மறைநாட்டு மக்களைப் பற்றி எழுதிய கதை மேலாண்மறைநாட்டுப் பிள்ளை கைக்குப் போகாவிட்டால் அது யாருக்காக எழுதப்பட்டது? அடுத்த பொன்னுச்சாமி எதைப் பார்த்து எழுத வருவார்?

கோடிக்கணக்கில் செலவு செய்துதான் இதை மாற்ற வேண்டும் என்பதில்லை. கிளை நூலகங்களை இரவு எட்டு மணி வரை திறந்து வைக்கலாம். கல்லூரி நூலகத்தில் சீட்டு முறையை விட்டு அலமாரியைத் திறந்து விடலாம், பத்துப் புத்தகம் தொலைந்தால் தொலையட்டும். நகராட்சி தன் வணிக வளாகத்தில் ஒரே ஒரு கடையைக் குறைந்த வாடகைக்குப் பழைய புத்தகத்துக்கு ஒதுக்கலாம். அப்புறம் பேப்பர்காரர்கள் தாங்களாகவே தராசைத் தள்ளி வைத்துவிட்டு அங்கே வருவார்கள். ஆடிப்பூரத் தேருக்கு லட்சக்கணக்கில் ஜனம் வருகிறது. பால்கோவாக் கடைக்காரர் ஒரு தட்டை ஒதுக்கி, இந்த மாவட்டத்து எழுத்தாளர்களின் புத்தகம் நான்கை வைத்தால் என்ன நஷ்டம்? சிவகாசி அச்சகக்காரர்கள் மனது வைத்தால் அந்த நான்கையும் இங்கேயே அச்சடித்து மலிவாகக் கொடுக்கலாம்.

பிள்ளைகள் படிப்பதில்லை என்று குறைப்படுபவர்கள், அந்தப் பிள்ளை வீட்டில் இருந்து பள்ளிக்கூடம் வரை ஒரு தடவை நடந்து பார்க்கட்டும். வழியில் எத்தனை செல்போன் கடை, எத்தனை பேக்கரி, எத்தனை புத்தகம் கண்ணில் பட்டது என்று எண்ணிக்கொண்டு வரட்டும். அதற்குப் பிறகு பிள்ளையைத் திட்டலாமா வேண்டாமா என்று முடிவு செய்யலாம்.